கையில் பேனா இல்லாமல்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை நானே சொல்லிவிட்டால் மற்றவர்களுக்குச் சிரமம் மிச்சம். நான் வீடு வீடாகப் போய்க் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். பிள்ளைகள் தப்பான வரியை எழுதத் தொடங்கினாலே எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். நான்கு வீடுகளில் வாய்விட்டுக் கத்திவிடுவேன். ஐந்தாவது வீட்டில் மட்டும் கத்த முடியாது, பக்கத்து அறையில் பிள்ளைகளின் அப்பா தூங்குவார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இரவில் வேலை, பகலில் தூக்கம். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிற மனிதர் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்டே கிடையாது. நான்கு மாடி ஏறி, மூச்சிரைக்கப் போய் நின்றால், அம்மா உதட்டின் மேல் விரலை வைத்தபடியே கதவைத் திறப்பார். சாப்பாட்டு மேசையில் பெரியவள் நோட்டோடு தயாராக இருப்பாள், ஒன்பதாம் வகுப்பு. சின்னவள் எட்டாம் வகுப்பு. தரையில் குப்புறப் படுத்துப் படிக்கிறதாகப் பேர் பண்ணிக்கொண்டு எங்களையே வேடிக்கை பார்ப்பாள்.

ஒரு வருஷம் பெரியவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தேன். வாரம் நான்கு நாள், எல்லாம் கிசுகிசுப்பாக. விளக்கிவிட்டுக் கணக்கைக் கொடுத்து எதிரே உட்கார்ந்துகொள்வேன். அருமையாகப் போடுவாள். நான் வைக்கிற பரீட்சையில் எண்பதுக்குக் கீழே வந்ததே இல்லை. அந்தத் தாள்களை அவள் அம்மா ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருந்தார். எனக்கும் உள்ளூரப் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும். பள்ளியில் மட்டும் மதிப்பெண் குறைந்துகொண்டே இருந்தது. பரீட்சை என்றால் பயம், போகப்போகச் சரியாகிவிடும் என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவைத்தேன்.

ஆண்டுப் பரீட்சையில் இருபத்தொன்று வாங்கினாள்.

இரண்டு வாரத்தில் மறுபரீட்சை. அதில் முப்பத்தைந்து வரவில்லை என்றால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம். சின்னவள் இந்த வருஷம் ஒன்பதுக்கு வருகிறாள், அந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஒன்றே ஒன்றுதான். அக்காவும் தங்கையும் ஒரே அறையில் உட்கார வேண்டும். பெரியவள் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள், "அவளோட கிளாஸ்ல உக்கார மாட்டேன் மிஸ். படிப்பையே விட்டுடுவேன்." கிழித்த கோட்டைத் தாண்டாத பெண் இவள். அப்படிப்பட்டவள் இதைச் சும்மா சொல்ல மாட்டாள்.

அம்மா பள்ளிக்குப் போய் விடைத்தாளை போனில் படம் பிடித்து வந்தார். பேருந்தில் நின்றுகொண்டே அதைப் பெரிதுபண்ணிப் பார்த்தேன். ஒரு கணக்குகூடத் தெரியாமல் விட்டதில்லை. எல்லாவற்றையும் சரியாகத்தான் தொடங்கியிருந்தாள். இரண்டாவது வரியில் அடித்தல். கூட்டலைக் கழித்தலாக்கி, அதையும் அடித்து, மறுபடி கூட்டலாக்கி, பிறகு அம்போவென்று விட்டிருந்தாள். பதினாலு கணக்கிலும் இதே கதை. நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

அதே கேள்வித்தாளை மறுநாள் வீட்டில் கொடுத்தேன். எண்பத்தெட்டு. தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. இன்னொரு தாள் கொடுத்தேன். பாதியில் என் பேனா வம்பு பண்ணியது. தலையை அழுத்தினால் முனை வெளியே வரும், இன்னொரு தரம் அழுத்தினால் உள்ளே போகும், அந்த மாதிரிப் பேனா. எப்போதும் என் விரலிடுக்கில் இருக்கும். உள்ளே ஸ்பிரிங் தெறித்துவிட்டதால் பைக்குள் போட்டுவிட்டுக் கையைக் கட்டி உட்கார்ந்தேன்.

பெரியவள் எழுதினாள். நிறுத்தினாள். என் கையைப் பார்த்தாள். அடித்தாள். மறுபடி என் கையைப் பார்த்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. என்னம்மா, தெரிந்த கணக்குத்தானே என்றேன். தரையிலிருந்து சின்னவள் தலையைத் தூக்கினாள்.

"பேனா இல்லாம அவ எப்படிப் போடுவா மிஸ்? நீங்க டிக்குன்னா தப்பு, சும்மா இருந்தா சரி. அவ அதைக் கேட்டுத்தான் போடுவா."

எனக்குச் சட்டென்று புரியவில்லை, புரிந்தபோது காது சூடாகிவிட்டது. கத்த முடியாத வீட்டில் என் கத்தலெல்லாம் கட்டைவிரலுக்குப் போயிருக்கிறது. அவள் தப்பாக ஒரு குறி போட்டால் டிக். திருத்துகிற வரை டிக், டிக். ஒரு வருஷமாக அவள் நோட்டில் எழுதிய ஒவ்வொரு கணக்கையும் நான்தான் போட்டிருக்கிறேன். அவள் எழுத மட்டும் செய்திருக்கிறாள். பள்ளி ஹாலில் அந்தச் சத்தம் வரவில்லை. எது சரி, எது தப்பு என்று அவளுக்கு யார் சொல்வார்கள்?

அவள் அழுதாள். அதையும் அப்பா எழுந்துவிடாதபடி சத்தமில்லாமல் அழுதாள். நான் ஏமாத்தல மிஸ் என்றாள். "நீங்க அதுக்காகத்தான் தட்டறீங்கன்னு நெனச்சேன். டியூஷன்னா அப்படித்தான்னு நெனச்சேன்."

ஒரு அறை வாங்கியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுபரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தேன், ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. பெரியவளும் சொல்லவில்லை. சின்னவளைக்கூட எப்படியோ மிரட்டிவைத்திருந்தாள். அவள் என்னைக் காப்பாற்றுகிறாள் என்று தெரிந்தபோது எனக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை.

பேனாவைத் தூக்கிப் போட்டாகிவிட்டது, இனி என்ன என்று நினைத்தேன். அது அவ்வளவு லேசான காரியமாக இல்லை. நான் மூச்சை இழுத்தால் அடித்தாள். நாற்காலி முனகினால் அடித்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன், என் முதுகைப் படித்தாள். சரி, என் முழு உடம்பும்தான் தொல்லை என்று எழுந்து, தனியாக எழுதிப் பழகட்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். போகும் முன் ஒரு விதி போட்டேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'சரி' அல்லது 'சந்தேகம்' என்று அவளே எழுத வேண்டும். எழுதாத வரியை நான் பார்க்கவே மாட்டேன்.

முதல் நாள் எல்லா வரியிலும் சந்தேகம். ஐந்தும் மூன்றும் எட்டு என்ற வரிக்குக்கூடச் சந்தேகம். நான் திட்டவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத்தான் தெரியும். சந்தேகம் வந்தால் விடையைக் கணக்குக்குள் திருப்பிப் போட்டுப் பார், கணக்கே உனக்குச் சொல்லும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படிக்கட்டுக்குத் திரும்பினேன்.

அந்தப் படிக்கட்டில் நான் பட்ட பாடு. உட்காருவேன், எழுந்திருப்பேன், மூன்றாம் மாடி வரை இறங்கி ஏறுவேன், கதவில் காதை வைப்பேன். உள்ளே அவள் என்ன தப்புப் பண்ணுகிறாளோ, எந்தக் குறியை முழுங்குகிறாளோ என்று கை துடிக்கும். மேல்மாடிக்காரர் ஒருவர் நீங்கள் யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு கழித்தல் குறிக்காக என்றேன். அவர் அதற்குப் பிறகு என்னைக் கண்டால் ஒதுங்கிப் போனார்.

மூன்றாம் நாள் தாளில் ஏழு 'சரி' இருந்தது. அதில் நான்கு உண்மையிலேயே சரி. ஆறாம் நாள் முப்பது. பரீட்சைக்கு முந்தின நாள் அம்மா ஏதோ வேலையாக வெளியே போயிருந்தார். ஒன்றரை மணி நேரமாக உள்ளே எந்த அசைவும் இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போதும், உள்ளே போய் ஒரே ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று கதவில் கை வைத்தபோது அதுவே திறந்தது. பெரியவள் தாளோடு நின்றாள். நான் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"வயசுக் கணக்கு தப்பு மிஸ். போட்டுப் பாத்தா அப்பாவுக்கு நாலு வயசுன்னு வருது. எங்க தப்புன்னு தெரியல, கண்டுபிடிச்சிட்டு வரேன். நீங்க உக்காருங்க."

என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். நான் படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. மறுநாள் அவள் பரீட்சை எழுதினாள்.

முடிவு தெரிந்த அன்று அம்மாவே போன் பண்ணி வரச் சொன்னார். குரலில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. நான்கு மாடியையும் நிற்காமல் ஏறினேன். அன்று அப்பாவும் எழுந்து மேசையில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்து மூன்று.

தப்பித்தாள். ஆனால் அம்மாவின் முகம் தெளியவில்லை. வீட்டில் எண்பத்தெட்டு எடுக்கிறவள் பள்ளியில் ஏன் பாதிகூட வாங்கவில்லை, பேப்பர் திருத்தினவர் சரியாகத் திருத்தவில்லையா, போய்க் கேட்கலாமா என்றார். பெரியவள் தலை குனிந்து நின்றாள். ஆமாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடுவேன். அவள் மட்டும் காலமெல்லாம் எண்பத்தெட்டு வாங்கத் தெரிந்தும் வாங்காத பெண்ணாக இருப்பாள்.

ஃப்ரிட்ஜுக்குப் போய் ஒட்டியிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன்.

"இந்த எண்பத்தெட்டெல்லாம் நான் வாங்கினது. அந்த நாப்பத்து மூணுதான் அவ வாங்கினது."

பேனாக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். அப்பா தூங்குகிறார் என்பதால் வந்த வினை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். தப்பு என்னுடையது. அம்மா என் கையிலிருந்த தாள்களை வாங்கி மேசையில் அடுக்கினார். பிறகு, சின்னவளுக்கும் உங்களையே வைக்கலாம் என்று இருந்தோம், இனி யோசிக்க வேண்டும் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

பெரியவள் முதல் தடவையாக அந்த வீட்டில் சத்தமாகப் பேசினாள்.

"மிஸ்ஸே வரட்டும்மா. ரெண்டு பேருக்கும். ஆனா வெளியில உக்காரட்டும்."

படி இறங்கி வீட்டுக்கு வந்தேன். மூன்று நாள் போன் வரவில்லை. நான்காம் நாள், பொறுக்க மாட்டாமல், வழக்கமான நேரத்துக்கு நானே போனேன். திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும் என்று நான்கு மாடி ஏறினேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே அக்காவும் தங்கையும் ஏதோ ஒரு விடைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கதவுக்கு வெளியே, படிக்கட்டு முடிகிற இடத்தில், பழைய லிஃப்ட் ஒன்றிலிருந்து கழற்றிய மடக்கு இருக்கையைச் சுவரில் திருகி மாட்டியிருந்தார் அப்பா. மணியை அடிக்கக் கை போனது. கையை இறக்கிக்கொண்டு அந்த இருக்கையில் உட்கார்ந்தேன்.