பக்கத்துத் தடத்துக்குப் போன பந்து

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் எல்லாரும் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். புல்தரைப் பந்தாட்டம் புதியவர்களுக்குச் சொல்லித் தரப்படும் என்ற அறிவிப்பை மருந்துக்கடைச் சுவரில் பார்த்துவிட்டு வந்து, போய்ப் பார்க்கலாமா என்று ஆசையாகக் கேட்டவள் அவர் மனைவி. "பந்தை உருட்டுறதுக்கு ஒரு வகுப்பா?" என்று கேலி பேசியபடியே வாத்தியாரும் ஞாயிற்றுக்கிழமை அவளோடு வந்தார்.

சொல்லிக்கொடுத்தவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மா. ஒட்ட வெட்டிய புல்தரையை நூல் கட்டி நீளநீளமான தடங்களாகப் பிரித்திருந்தார்கள். நர்ஸம்மா முதலில் ஒரு சின்ன வெள்ளைப் பந்தை உருட்டிவிட்டார்.

"இதுக்குப் பேரு ஜாக். யாரோட பந்து இதுக்கு ரொம்பக் கிட்ட நிக்குதோ, அவங்களுக்குத்தான் புள்ளி. ஆனா நம்ம பந்து நேரா போகாது, வளைஞ்சுதான் போகும்."

அவர் தூக்கிக் காட்டிய கறுப்புப் பந்தின் ஒரு பக்கம் சின்ன வட்டமும் மறுபக்கம் பெரிய வட்டமும் இருந்தன. சின்ன வட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் பந்து சாயும்; வேகம் குறையக் குறைய வளைவு கூடும். அதனால் ஜாக்கைவிட்டுச் சற்று விலக்கி உருட்ட வேண்டும், சின்ன வட்டம் ஜாக்கைப் பார்த்து உள்பக்கம் இருக்க வேண்டும்.

"சின்ன வட்டம் உள்பக்கம்" என்று மனைவி முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டாள். வாத்தியாரோ பக்கத்துத் தடத்தில் மும்முரமாக நடந்த போட்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி உருட்டிய பந்து பாதியிலேயே நின்றுவிட்டது. "கையை நல்லா வீசி விடணும்" என்று புத்தி சொன்னார் வாத்தியார். அவர் வீசிய பந்து தொப்பென்று புல்லில் விழுந்தது.

"போடாதீங்க சார், உருட்டுங்க. தரை பள்ளமாயிடும்" என்றார் நர்ஸம்மா. யாரோ சிரித்தார்கள். வாத்தியாருக்குக் காது சுட்டது.

அடுத்த பந்தை மனைவி எடுத்து நீட்டினாள். "வட்டம் இந்தப் பக்கம் இருக்கட்டுங்க."

"எல்லாம் எனக்குத் தெரியும்" என்று வாங்கி, பந்தைத் திருப்பிப் பிடித்து வேகமாக விட்டார்.

கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போன பந்து, வெளிப்பக்கமாக வளைந்தது. நூலுக்கு அடியில் நுழைந்து பக்கத்துத் தடத்துக்குள் போனது. அங்கே தொப்பிக்காரர் ஒருவர் அளவு நாடாவோடு அப்போதுதான் குனிந்துகொண்டிருந்தார். அவர் கண்ணெதிரே வாத்தியாரின் பந்து அங்கிருந்த ஜாக்கை முட்டி, கூடியிருந்த பந்துகளையெல்லாம் சிதறடித்தது.

"இவதான் மாத்திக் குடுத்துட்டா!" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார் வாத்தியார். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது.

மனைவி நேரே தொப்பிக்காரரிடம் போய், "மன்னிச்சுக்கோங்கண்ணா, நாங்க புதுசு" என்றாள்.

"போட்டியோட கடைசி ஆட்டம்மா இது" என்றார் அவர் சோர்வாக. அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். அந்தக் குனிந்த தலையை வாத்தியார் பார்த்தார். அவள் திரும்பி வந்த பிறகு, அந்தத் தடத்துக்கு நடந்தார்.

"அவ சரியாத்தான் குடுத்தா. திருப்பிப் பிடிச்சது நான்தான்" என்றார்.

தொப்பிக்காரர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. "அதை என்கிட்ட எதுக்கு சொல்றீங்க? அவங்ககிட்ட சொல்லுங்க."

திரும்பி வந்தபோது மனைவி அடுத்த பந்தோடு நின்றிருந்தாள். நர்ஸம்மாவும் மற்றவர்களும் கேட்கும்படி, "தப்பு என்னுதுதான். வாய் தவறி..." என்று ஆரம்பித்தார்.

"வாய் ஒண்ணும் தவறலைங்க" என்றாள் அவள், மெல்லிய குரலில். பிறகு முழங்காலை மடக்கிப் பந்தை உருட்டினாள். அது விலகிப்போய், நிதானமாக உள்ளே வளைந்து, ஜாக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். வாத்தியாருக்குக் கை எழவில்லை. தட்டினால் அதுவும் வேஷமாகப் போய்விடுமோ என்று கூசியது.

வகுப்பு முடிந்ததும் நர்ஸம்மா கேட்டார். "அடுத்த வாரம் ரெண்டு பேரும் வருவீங்கதானே?"

"நான் வர்றேன்" என்றாள் மனைவி. "அவருக்கு வேலை இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமையில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆமாம் என்று தலையாட்டினார்.