முடிவெடுக்காத சதை

மர மில்லில் ரம்பம் கொண்டுபோன பலகையின் இடது கை, காயம் ஆறிப் புதுத்தோல் மூடிய சில நாளிலேயே மறுபடி முளைக்க ஆரம்பித்தது. பலகை என்பது அவன் மார்பின் அகலத்தைப் பார்த்து மில்லில் வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அவன் மனைவியே மறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. முளையை முதலில் பார்த்தவளும் அவள்தான். கட்டு மாற்றும்போது மணிக்கட்டு இருந்த இடத்தில் பட்டாணி அளவுக்குப் பால் நிறத்தில் ஈரமாக என்னவோ எழும்பியிருந்தது. சீழ் என்று நினைத்து வெந்நீர்த் துணியால் ஒற்றப் போனாள். அது நகர்ந்துகொண்டது. ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுத்து இஸ்திரி போடுகிற சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள் அவள். மனுஷ உடம்பிலிருந்து வருகிற எல்லாக் கறையையும் பார்த்தவள், எதற்கும் முகம் சுளிக்காதவள். அன்றைக்கு மட்டும் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கூச்சல் போட்டாள்.

கூச்சல் போட அவளுக்குக் காரணம் இருந்தது. ரம்பத்துக்கு மரம் கொடுக்க இரண்டு கை வேண்டும். கை போனதிலிருந்து பலகை வாசலைத் தாண்டவில்லை, சட்டைப் பொத்தானைப் போட்டுவிடச் சொல்ல வெட்கப்பட்டு வெற்றுடம்போடு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மில் முதலாளி அவன் இடத்தில் வேறு ஆளைப் போடவில்லை. கரிசனத்தால் அல்ல, அந்த ரம்பத்தின் பக்கத்தில் நிற்க எவனும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆள் கிடைத்தால் அடுத்த நிமிஷமே போட்டுவிடுவார். அதனால் அந்தப் பட்டாணியைப் பார்த்ததும், தன் புருஷன் எழுந்து வெளியே போவானா மாட்டானா என்கிற கேள்வி மொத்தமும் அதற்குள் சுருண்டு கிடப்பதாக அவளுக்குப் பட்டது.

விஷயம் ஆஸ்பத்திரிக்குப் போய், லேடி டாக்டர் வந்தாள். சின்ன வயசு, வேகமான பேச்சு. முளையைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினாள். "இது இன்னும் எதுவுமே ஆகலை! தோலும் இல்லை, எலும்பும் இல்லை, தசையும் இல்லை, நரம்பும் இல்லை. என்ன ஆகறதுன்னு இன்னும் முடிவே எடுக்கலை. அம்மா வயித்துல நாம எல்லாரும் முதல்ல இப்படித்தான் இருந்தோம்!" பிறகு பலகையின் கட்டிலில் உட்கார்ந்து, கூடியிருந்தவர்களுக்கு மூச்சுவிடாமல் விளக்கினாள். வயிற்றில் முதலில் ஒரு உருண்டை. அது தட்டையாகி மூன்று அடுக்காகப் பிரியும். மேலடுக்கு தோலாகும், அதிலேயே ஒரு பகுதி பள்ளம் விழுந்து உள்ளே மடிந்து மூளையும் நரம்பும் ஆகும். நடு அடுக்கிலிருந்து எலும்பு, தசை, ரத்தம். உள்ளடுக்கு குடலுக்கும் நுரையீரலுக்கும் உள்பூச்சு, கைக்கு அதனால் வேலையில்லை.

லாரியில் மரம் ஏற்றுகிற கொக்கு வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். நெட்டையன், வாய் சும்மா இருக்காது. "அப்போ மூளையும் தோலும் ஒரே வீட்டுப் பிள்ளைங்களா டாக்டர்?"

"ஆமா."

"அதான் எங்க முதலாளிக்கு ரெண்டும் தடிமனா இருக்கு."

அன்றிலிருந்து அந்த வீட்டுக் கதவைச் சாத்த முடியவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் போகிற வழியில் எட்டிப் பார்த்தார்கள், திரும்புகிறவர்கள் நின்று பார்த்தார்கள். முளை பட்டாணியிலிருந்து எலுமிச்சை அளவுக்கு வந்தது. பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் பலகையின் மனைவிக்கு இடம் கொடுத்து, "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். அவளுக்கு நடக்கிறோமா பறக்கிறோமா என்று தெரியவில்லை. இஸ்திரி மேடையில் நின்றாலும் மனசு வீட்டில்தான் இருந்தது.

எலுமிச்சை நீள ஆரம்பித்தபோதுதான் சிக்கல் வந்தது. அதன் அடிப்பக்கம் உருண்டையாகப் புடைத்துக்கொண்டு வந்தது. அவள் விரலால் தடவிப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தடவிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, குதிகால். பலகை முகம் செத்துப்போயிற்று. கொக்கு மட்டும் வாயை அடக்க முடியாமல், "மூணு காலோட வந்தா ஓவர்டைம் ஓடியே பார்க்கலாம்" என்று சொல்லித் துடைப்பத்தால் அடி வாங்கினான். லேடி டாக்டர் ஓடி வந்தாள், குதிகாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், "இதை நாள் முழுக்க எங்கே வெச்சிருக்கார்?" என்று கேட்டாள்.

"எங்கே வெப்பார், மடியிலதான். தொடை மேல."

"போச்சு! புது செல்லுக்குத் தனியா புத்தி கிடையாதும்மா. பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்க பேச்சைத்தான் கேட்கும். எலும்புகிட்ட கிடந்தா எலும்பு, தோல்கிட்ட கிடந்தா தோல். இது தொடைகிட்டயே கிடந்திருக்கு. கால்தான் உலகம்னு நினைச்சிடுச்சு."

பலகையின் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "வேளா வேளைக்குத் தின்னுட்டு மடியில போட்டுக் கால் வளர்த்திருக்காரே மனுஷன்!" என்று கத்திவிட்டு, அதே மூச்சில், "அப்போ கைகிட்ட போட்டா?" என்று கேட்டாள். டாக்டர் மறுபடி கை தட்டினாள்.

அதன்பிறகு நடந்ததை அந்தத் தெரு இன்றைக்கும் தேர்த்திருவிழா மாதிரி பேசும். மில் விட்டதும் மரம் ஏற்றுகிறவர்கள் நேராக இங்கே வந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சலவைக்கூடத்துப் பெண்கள் வந்தார்கள். முடிவெட்டுகிறவர் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார், பாதி முகம் மழித்த ஆள் பின்னாலேயே வந்து தானும் வரிசையில் நின்றான். சலவை சோப்பால் முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவாமல் யாரையும் அவள் உள்ளே விடவில்லை. கழுவியவர்கள் ஒவ்வொருவராகக் கட்டில் ஓரம் உட்கார்ந்து, அந்த ஈரச் சதையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பொத்தி வைத்துக்கொண்டார்கள். சிலர் அதனிடம் பேசினார்கள். "யோவ், என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாய்யா?" என்று பலகை முனகினான். அவனை யாரும் கண்டுகொள்ளவில்லை, எல்லாருக்கும் வேலை அதனிடம்தான் இருந்தது. ஆட்கள் கலைந்து போன நேரமெல்லாம் அவள் முறை. உட்கார்ந்தாலும் படுத்தாலும் தன் இடது கையை அதோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டாள், ஒற்றைக் கையால் சமைக்கப் பழகிக்கொண்டாள்.

குதிகால் கரைந்தது. அது கரைந்து மட்டமான அன்று காலை தெருவில் போட்ட விசிலில் நாய்கள் ஊரைவிட்டே ஓடின. பிறகு எல்லாம் தலைதெறிக்கிற வேகம். சதை துடுப்பு மாதிரி தட்டையானது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஐந்து வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. முதலில் குருத்தெலும்பு, கடிபடுகிற மாதிரி இளசு, அப்புறம் மெல்ல மெல்லக் கெட்டி எலும்பு. முழங்கைப் பக்கமிருந்து தசை, பெரிய மரத்தைத் தோள்மாற்றித் தூக்கி வருகிற ஆட்கள் போல இழை இழையாக இறங்கி வந்து எலும்பைப் பற்றிக்கொண்டது. நூல் நூலாக ரத்தம் ஓடியது. ஆனால் விரல்கள் பிரியவில்லை, வாத்துப் பாதம் மாதிரி நடுவில் சவ்வு. அதற்கும் டாக்டர் கவலைப்படவில்லை. விரலுக்கு நடுவில் இருக்கிற செல்கள் தங்கள் வேலை முடிந்ததென்று தாங்களே செத்து இடம்விடும், நம் எல்லார் விரலும் அப்படித்தான் பிரிந்தது என்றாள். சொன்னபடியே சவ்வு மெலிந்து காணாமல் போனது. "நம்ம மில்லுல எவனாவது இவ்வளவு மரியாதையா வழி விட்டிருக்கானா?" என்று கொக்கு எல்லாரையும் பார்த்துக் கேட்டான்.

கடைசியாக வரவேண்டியது நரம்பு. அது வரும்வரை கை கை மாதிரியே இருந்து தொங்கியது, குத்தினாலும் கிள்ளினாலும் பலகைக்குத் தெரியவில்லை. ஒரு மத்தியானம் அவள் இஸ்திரி மேடையில் நிற்கும்போது வெளியே ஒரே இரைச்சல், "அண்ணி! அண்ணி!" என்று கொக்கின் குரல். பெட்டியை விரிப்பின்மேல் அப்படியே விட்டுவிட்டு ஓடினாள், பின்னால் துணி தீய்ந்த நாற்றம் அவள் கூடவே வந்தது. வீட்டில் பலகை நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தான். புதுக் கையில் டீ கிளாஸ். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாயெல்லாம் பல்.

"சுடுது! ஏய், சுடுதுடி!"

"கீழே வைங்க, கொப்பளிச்சிடும்!"

"வைக்கமாட்டேன் போ! சுடுது!"

அவள்தான் பிடுங்கி வைத்தாள். அந்தக் கும்மாளத்துக்கு நடுவில்தான் சலவைக்கூடத்தில் அடுத்த மேடையில் நிற்கிற பெண், "அக்கா, உங்க கையை இதுக்குப் பக்கத்துல கொஞ்சம் வைங்களேன்" என்றாள். அவள் வைத்தாள். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். அதே ஒல்லி மணிக்கட்டு, அதே அகன்ற கட்டைவிரல் நகம், சுண்டுவிரலில் அதே சின்னக் கோணல். ஊரே பிடித்து வளர்த்தாலும் அதிக நேரம் பக்கத்தில் இருந்தவள் பேச்சைத்தான் சதை கேட்டிருக்கிறது. பலகையின் தடித்த முன்கையின் நுனியில் அவளுடைய இடது கை அச்சு அசலாக இருந்தது. பலகை அதை முன்னும் பின்னும் பார்த்தான். "இதுக்கென்ன, நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லி, அந்தக் கையாலேயே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினான்.

மில்லில் முதலாளி கையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இது பொம்பளைக் கை. மரம் தாங்காது." கூடவே போயிருந்த அவள் முன்னால் வந்தாள். "ஆஸ்பத்திரியோட ஈர விரிப்பெல்லாம் பிழியற கைங்க இது. உங்க மரத்தைக் கொடுத்துப் பாருங்க." ரம்பம் ஓடியது. மில்லே வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றது. பலகை ஒரு கட்டையைத் தூக்கி மேடையில் வைத்துத் தள்ளினான். மரம் நேராகப் போயிற்று, சின்னக் கை பெரிய கைக்குச் சமமாக அழுத்தியது. பல்லுக்கு ஒரு சாண் இருக்கும்போது இடது கை தானாக நின்றது, விலகியது, மேடை ஓரத்தில் தூசி படிந்து கிடந்த தள்ளுகட்டையை எடுத்து மிச்ச மரத்தை அதனால் தள்ளியது. பலகை தன் வாழ்நாளில் அந்தத் தள்ளுகட்டையைத் தொட்டதில்லை, கை போனதே அதனால்தான். பலகை பேந்தப் பேந்த விழித்தான். "அண்ணிதான் தள்ளுறாங்க!" என்று கொக்கு கூவ, மில் கூரை அதிர்ந்தது. முதலாளி நாளையிலிருந்து நேரத்துக்கு வரச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்புறம் பல வருஷம் அவன் அந்த ரம்பத்தில் நின்றான், ஒரு நகம்கூடப் போகவில்லை. கையுறை வாங்கும்போது மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. அவனுக்குப் பெரிய சோடி ஒன்று, அவளுக்குச் சின்ன சோடி இரண்டு என்று வாங்குவாள். அதில் கூடுதலாக வருகிற சின்ன வலது உறை அவளுக்கு மாற்றுக்கு ஆகும், பெரிய இடது உறைதான் எப்போதும் மிஞ்சும். அதை அடுப்பங்கரை ஆணியில் மாட்டி வைத்துக்கொண்டு, கொதிக்கிற பாத்திரம் இறக்க இருவரில் யார் அடுப்படியில் நிற்கிறார்களோ அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் அது தொளதொள என்றுதான் இருந்தது.