கூரையில் ஒரு பென்சில் கோடு

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனியின் பெண்கள் விடுதிக்கு ஏழு வருடங்களுக்கு முன் வரைபடம் போட்டுக் கொடுத்த இன்ஜினியர் நான். கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட இன்று அழைத்திருந்ததும் என்னைத்தான். நாளை, சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆடிட்.

மாடி அறையில் புதுப் பெயின்ட் நெடி. போன தை மாதம் இந்தக் கூரையில் ஒரு விரிசலைப் பார்த்து, அது முடிகிற இடத்தில் பென்சிலால் குறுக்கே கோடு இழுத்துத் தேதி போட்டிருந்தேன். விரிசல் வளர்ந்தால் கோட்டைத் தாண்டும். இப்போது கோடும் இல்லை, விரிசலும் இல்லை. பளீரென்று வெள்ளை.

“வருசா வருசம் மெயின்டனன்ஸ் பண்றமுங்க மேடம். ஃபைல்லயே இருக்குதுங்க” என்றார் முதலாளி தரணீதரன்.

ஆடிட்டுக்கு ஆடிட் பெயின்ட் அடிப்பதுதான் பராமரிப்பு என்று அவர் மெய்யாகவே நம்பினார். பொய் சொல்கிறவராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வார்டன் ராமாத்தாள் சிரித்தாள். “நீங்க பெயின்ட் அடிச்சது மழைக்குத் தெரியுங்களா? அது பாட்டுக்கு ஒழுகுதுங்க.”

“அக்கா, நீங்க செத்த சும்மா இருங்க” என்றார் தரணீதரன்.

மூலைக் கட்டிலின் தலையணையில் ஒரு ஹேர் கிளிப் கிடந்தது. கட்டிலுக்கடியில் பிளாஸ்டிக் வாளி.

மொட்டைமாடிக்கு நான்கு வடிகால் வரைந்திருந்தேன். “ரெண்டு பத்தாதுங்களா?” என்று அன்று தரணீதரன் கேட்டார். என்னுடைய முதல் பெரிய வேலை. இரண்டாக்கினேன், சரிவையும் குறைத்தேன். ஓட வேண்டிய தண்ணீர் ஏழு மழைக்காலம் அங்கேயே நின்று ஊறியிருக்கிறது. அன்று மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு இனிச் செலவாகும். விரிசல் என்று எழுதினால், வரைந்தது யார் என்றுதான் முதலில் கேட்பார்கள். அதனால்தான் ரிப்போர்ட்டில் எழுதாமல் பென்சிலால் கோடு போட்டேனா? அக்கறை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது வெறும் தள்ளிப்போடல்தானா?

ஸ்டூலில் ஏறி வண்டிச் சாவியால் சுரண்டினேன். கோடு தெரிந்தது. விரிசல் அதைத் தாண்டி ஒரு முழம் போயிருந்தது. விரலை மடக்கித் தட்டினால் பொத்தென்று வெற்றுச் சத்தம். உள்ளே கம்பி துருவேறிக் காரை விட்டுப்போயிருந்தது.

இறங்கி, படிவத்தில் ‘கட்டடம் உறுதியாக இருக்கிறது’ என்று அச்சடித்திருந்த வரியை அடித்துவிட்டுப் பேனாவால் எழுதினேன்: ‘இந்த அறையில் யாரும் தூங்கக் கூடாது. வடிகால் போதாது. வரைபடப் பிழை. வரைந்தவள் பூங்குழலி.’

தரணீதரன் இரண்டு முறை படித்தார். “ஏனுங்க மேடம், உங்க பேரையே எழுதி வெச்சிருக்கீங்க?”



ராமாத்தாள் அதற்குள் மூலைக் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கியிருந்தாள். “அந்தப் பக்கம் புடி கண்ணு.”

பிடித்தேன். இருவருமாகக் கட்டிலை அறைக்கு வெளியே கொண்டுபோனோம்.