இலை மண்டிக்கு ஓர் ஆள்

அன்று காலை இராஜாங்கத்தின் இலை மண்டியில் இருந்தவர்கள்: முதலாளி இராஜாங்கம், வாழை இலை நறுக்கும் அம்சம், மாற்றுத்திறனாளிகள் தொழிற்பயிற்சி மையத்திலிருந்து வந்த ஷோபனா, வேலைக்கு வந்த வீரமணி, வேலைக்கும் வராமல் வீட்டுக்கும் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா அகிலாண்டம்.

மகனுக்குப் புத்தி வளர்ச்சி சின்ன வயதோடு நின்றுவிட்டதென்று ஒரு டாக்டர் சொன்னதை அகிலாண்டம் அப்படியே எடுத்துக்கொண்டாள். அவனையும் அங்கேயே நிறுத்தி வைத்தாள். ஒருமுறை வாய்க்கால் கரையோடு நடந்து போனவனைப் பக்கத்து ஊரில் பிடித்துக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து அவள் நடவுக்கோ களையெடுக்கவோ போகும்போது அவனை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிடுவாள். ஜன்னலோரம் ஒரு சொம்பு தண்ணீர், தட்டில் மூடிவைத்த சோறு. ஊரில் யாரும் அதைத் தப்பென்று சொன்னதில்லை. கூலிக்குப் போகாவிட்டால் அந்தச் சோறும் இல்லை. ஷோபனா மாதக்கணக்கில் வந்து நச்சரித்த பிறகுதான் பயிற்சிக்கு அனுப்பினாள். மீசை நரைக்கத் தொடங்கியிருந்த வயதில் வீரமணி முதன்முதலாகப் பஸ் ஏறினான்.

மண்டி வேலை பெரிய வித்தை இல்லை. இலைக்கட்டைப் பிரித்து இலையைத் துடைக்க வேண்டும். முழு இலை ஒரு பக்கம், கிழிந்தது ஒரு பக்கம். ஆனால் மறுநாள் திருவிடைமருதூர் சுற்று வட்டாரம் முழுக்கக் கல்யாணங்கள்; அன்று இலை குவிந்து கிடந்தது. அவனை வேலைக்கு வைத்துப் பார்ப்பதற்கு அதுதான் கடைசி நாள். தேறாவிட்டால் மறுபடியும் அந்தப் பூட்டுதான்.

அகிலாண்டத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவன் கை தயங்கும்போதெல்லாம் எழுந்துபோய் இலையைப் பிடுங்கித் தானே அடுக்கினாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான்.

"ஏம்மா, நான் ஒரு ஆள்தான் கேட்டேன். நீ மொத்தக் குடும்பத்தையும் எறக்குறியே" என்றார் இராஜாங்கம்.

ஷோபனா அவளைத் தனியே அழைத்துப் போனாள். "நீங்க கெளம்புங்கம்மா. நீங்க இருந்தா அவர் கை ஓடல."

அவர் என்று யாரைச் சொல்கிறாள் என்று அகிலாண்டத்துக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்தபோது சண்டை போடத் தோன்றவில்லை. கோயில் வரைக்கும் போனாள்.

அதற்கு மேல் முடியவில்லை. திரும்பி வந்தபோது அவன் இடம் காலியாக இருந்தது. துடைக்கிற துணி மட்டும் மடித்தபடி இருந்தது. அம்சம் ஏதோ சொன்னது காதில் ஏறவில்லை. ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். படித்துறைக்கு ஓடிப் பார்த்தாள். யாருமில்லை. திரும்பியவள், டீக்கடை வாசலில் சுமைதூக்குகிறவர்களோடு நின்று வீரமணி கிளாஸை ஊதிக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

"நீ ஏம்மா வந்த? வேலை கெடக்கு, போ" என்றான் வீரமணி.

பக்கத்தில் நின்றவன் வீரமணியைக் காட்டி, "மொதலாளி சொல்லிட்டார்ல, போங்கம்மா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வீரமணியும் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஆனால் போனாள்.

சாயங்காலம் இராஜாங்கம் ஷோபனாவிடம் அலுத்துக்கொண்டார். கண்ணுக்குத் தெரியாத கீறலுக்குக்கூட இலையை ஒதுக்கிவிடுகிறானாம். ஓட்டலுக்குப் போகவேண்டியதெல்லாம் மாட்டுக்குப் போகிறதாம். ஷோபனா ஒரு கூடையைக் கொண்டுவந்து, லேசாகக் கீறிய இலையொன்றை மாதிரிக்கு அதன் விளிம்பில் செருகினாள். வீரமணி அதையே வெகுநேரம் பார்த்தான். பிறகு, ஒதுக்கிய குவியலைத் தானே கிளறி ஒவ்வொன்றாகக் கூடைக்கு மாற்றத் தொடங்கினான்.

"காலையில வெள்ளன வரச் சொல்லு" என்றார் இராஜாங்கம். "அந்தம்மா வேணாம்."

மறுநாள் விடிந்ததும் அகிலாண்டம் களையெடுக்கக் கிளம்பினாள். யோசனை எதுவுமில்லாமல் சொம்பில் தண்ணீர் மொண்டு ஜன்னலோரம் வைத்தாள். சோற்றைத் தட்டால் மூடினாள். மூடிய பிறகுதான் உறைத்தது. சோற்று டப்பாவும் கையுமாக அவன் தெருவில் நின்றுகொண்டிருந்தான்.

"நான் வெளியிலம்மா இருக்கேன். வா, என் பஸ் போயிடும்."

அவள் படியிறங்கினாள். வீரமணி அவளைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்தினான். பூட்டை மாட்டி அமுக்கினான். இத்தனை வருஷம் உள்ளேயிருந்து கேட்டது போலவே, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான்.