கை வைக்கும் குடும்பம்

எங்கள் குடும்பத்துக்கு ஒரு வியாதி உண்டு. பழுதான பொருளைக் கண்டால் கை சும்மா இருக்காது. கேட்டாலும் சரிசெய்வோம், கேட்காவிட்டாலும் சரிசெய்வோம்.

எங்கள் கடையின் சரித்திரமே அந்த வியாதியின் சரித்திரம்தான். ஒரே அறை, நடுவில் பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் அப்பாவின் அப்பா கடிகாரம் பழுதுபார்த்தார், அந்தப் பக்கம் அம்மாவின் அப்பா நகை பழுதுபார்த்தார். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருநாள் தடுப்பு ஆடுகிறதே என்று அப்பா இந்தப் பக்கத்திலிருந்து தட்ட, அதே நேரத்தில் அம்மா அந்தப் பக்கத்திலிருந்து தட்ட, பலகை பெயர்ந்து விழுந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அதை யாரும் திருப்பி மாட்டவில்லை. பெயர்ப்பலகையில் நகையும் கடிகாரமும் சேர்ந்துகொண்டன.

வியாதி அதோடு நிற்கவில்லை. நாடி பார்க்க வந்த டாக்டரின் கைக்கடிகாரத்தை, அவர் எண்ணி முடிப்பதற்குள் அப்பா கழற்றிவிட்டார். பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்ணின் தோட்டுத் திருகாணியை முடுக்கப்போய் அம்மா அறை வாங்காத குறை. இப்படிப்பட்டவர்களைப் பார்க்கத்தான் என் ஆளின் அம்மா ரயிலேறி வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கண்டிப்பானவர். அவர் மனசாரச் சம்மதித்தால்தான் கல்யாணம் என்று பெரிய இவள் மாதிரி சொல்லித் தொலைத்தது நான்தான்.

"அவங்க உடம்புல இருக்கிற எதையும் யாரும் தொடக்கூடாது" என்று காலையிலேயே இருவரிடமும் சத்தியம் வாங்கினேன்.

வந்தார், கடையைச் சுற்றிப் பார்த்தார், டீ குடித்தார். பிடித்ததா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கிளம்புமுன் கைக்கடிகாரத்தையும் வளையலையும் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். இரண்டே நிமிஷம்தான்.

"ஐயையோ, இருபது நிமிஷம் முந்தி ஓடுது!" என்றார் அப்பா.

"அப்பா, வேணாம்!"

"பாவம்மா. கண்ணால பாத்துட்டு எப்படி விடுறது?" சொல்லும்போதே சரியான மணிக்கு வைத்து முடித்துவிட்டார். அம்மா அதற்குள் வளையலின் கொக்கியை நெருக்கியிருந்தாள். "நீ உடம்புல இருக்கிறதைத்தானே சொன்னே? இது மேசைமேல இருக்கு" என்றாள். நான் மட்டும் விட்டேனா? கடிகாரக் கண்ணாடியில் ஒரு கறை இருந்தது. அதைத் துடைத்துத் தொலைத்தேன்.

அவர் வந்து இரண்டையும் மாட்டிக்கொண்டார். "எதுவானாலும் பையன்கிட்ட சொல்றேன்" என்று ஐந்து நாற்பது ரயிலுக்குக் கிளம்பினார்.

ஆறு மணிக்கு வாசலில் மறுபடியும் அவரே நின்றார். கையில் பெட்டி, பை நிறைய ஆரஞ்சு, முகம் முழுக்க வியர்வை.

"என் வாட்ச்ல கை வச்சது யாரு?"

வளையலை மட்டும் தொட்ட அம்மாகூட விடவில்லை, மூன்று பேரும் கையைத் தூக்கினோம்.

"முப்பது வருஷமா இருபது நிமிஷம் முந்தி வச்சிருக்கேன். ஒரு நாள் ஸ்கூலுக்கு லேட்டா போனதில்ல, ஒரு ரயிலை விட்டதில்ல! இன்னைக்கு அஞ்சரைன்னு காட்டுச்சு. அப்ப நெஜத்துல அஞ்சு பத்துதானேன்னு நிதானமா ஆரஞ்சு பொறுக்கிட்டு இருந்தேன். போய்ப் பாத்தா ரயில் போயிடுச்சு. அடுத்தது நாளைக்குக் காலையிலதான்!"

கழித்துப் பார்ப்பதென்றால் முந்தி வைப்பானேன் என்று கேட்க வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். தொலைந்தது கல்யாணம்.

"பழையபடி வைங்க" என்று கடிகாரத்தைக் கழற்றி அப்பாவிடம் நீட்டினார்.

அப்பாவின் முகம் செத்துவிட்டது. தப்பான மணியோடு ஒரு கடிகாரம் எங்கள் கடைவாசலைத் தாண்டி வெளியே போனதே இல்லை. ஐந்து நிமிஷம் பின்னால் வைத்துத் தரச் சொன்ன சினிமா கொட்டகைக்காரரிடம், "வேற ஆளைப் பாருங்க" என்று கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தவர் அவர்.

"தெரிஞ்சே தப்பா வைக்கிறதா?" என்று முணுமுணுத்தபடி என்னைப் பார்த்தார். என் கல்யாணம் அந்த முள்ளில் தொங்கியது.

அப்பா லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டார். முள்ளைத் திருப்ப லென்ஸ் எதற்கு? நகத்தால் கடிகாரச் சாவியை இழுத்து மெல்லத் திருப்பினார். இருபது நிமிஷம் முந்தி வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். லென்ஸைக் கழற்றியதும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அப்புறம் என்னையும் பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்தார்.

"இருபது நிமிஷந்தானே சம்பந்தி, இதுக்குப் போய் அழலாமா?"

முதலில் கத்தியது அம்மாதான். யாரைக் கட்டிக்கொள்வதென்று தெரியாமல், மேசையைச் சுற்றி ஓடிப்போய் நான் அப்பாவைக் கட்டிக்கொண்டேன்.