பாண்

கேத்தியில் பஸ் நின்றபோதுதான் ரமேஷ்குமார் அம்மாவிடம் அதைச் சொன்னான்.

"காலேஜுல நீ வாயத் தொறக்கக் கூடாது. எதுன்னாலும் நான் பேசிக்கிறேன். நீ பேசினா சிரிப்பானுங்க."

எஸ்டேட்டில் லீவு சொல்லிவிட்டு, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள் மருதாயி. "சரிப்பா" என்றாள்.

எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை. சிலோனிலிருந்து திரும்பிய குடும்பம். அவர்கள் குடியிருக்கும் எஸ்டேட் லயத்து வீடுகளில் பிரெட்டுக்கு இன்றைக்கும் பாண் என்றுதான் பேர். காலேஜில் சேர்ந்த புதிதில், கேண்டீனில், "ஒரு பாண் குடுங்கண்ணே" என்று கேட்டுத் தொலைத்தான். அன்றோடு ரமேஷ்குமார் என்ற பேர் வருகைப் பதிவோடு நின்றுபோயிற்று. எல்லோருக்கும் அவன் பாண். கூப்பிடும்போதெல்லாம் மற்றவர்களைவிடச் சத்தமாக அவனே சிரித்து மழுப்புவான். கோபம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும். சோற்றுத் தட்டு பறக்கும். "ஒன்னாலதான் எனக்கு இந்த மானக்கேடு" என்று அம்மாமேல் பாய்வான். அவள் சோற்றை வழித்தெடுத்துவிட்டு வேறு தட்டு வைப்பாள். கேட்க ஆளில்லாத இடத்தில் யாருக்குத்தான் வீரம் வராது?

நேற்று அவன் பிறந்தநாள். பக்கத்து பெஞ்சு கிருத்திக், ஒரு பிரெட் பாக்கெட்டில் மெழுகுவத்தியைச் செருகி அவன் முன்னால் வைத்தான். "ஹேப்பி பர்த்டே பாண்" என்று வகுப்பே பாடியது. ரமேஷ்குமார் இரண்டு வருஷமாகத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஜீவிதாவும் கைதட்டிச் சிரித்தாள். கிருத்திக்கின் உதடு கிழிந்து ரத்தம் கொட்டிய பிறகும் இவன் கை நிற்கவில்லை. நாலு பேர் இழுத்துப் பிடித்தார்கள். பெஞ்சுக்கு அடியில் நிஜக் கேக் ஒன்று இருந்ததை அப்புறம்தான் பார்த்தான். அதில் ரமேஷ் என்று எழுதியிருந்தது.

அம்மாவைக் கூட்டிவரச் சொல்லியிருந்த பிரின்சிபாலின் அறையில் இன்று கிருத்திக் வீங்கிய உதட்டோடு நின்றான். "வெளையாட்டுக்குத்தான் சார் செஞ்சேன்" என்றான். ரமேஷ்குமாரின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

பிரின்சிபால் மருதாயியிடம் திரும்பினார். "ஏனுங்கம்மா, ஊட்டுல பையன் எப்படிங்க? அங்கயும் இப்படித்தான் ஆத்திரப்படுவானுங்களா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இந்த ஒருக்கா விட்டறலாம். இல்லீன்னா டி.சி.தானுங்க."

மருதாயி பேசவில்லை.

"சொல்லுங்கம்மா."

பேசும்மா என்று சொல்லிவிட வேண்டும் போலிருந்தது ரமேஷ்குமாருக்கு. ஆனால் அம்மாவிடம் கத்த மட்டுமே பழகிய வாய் அது.

முந்தானை நுனியை வாயில் அழுத்திக்கொண்டு, பேசலாமா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் மருதாயி.