முதுகில் கண்

பேக்கரி வரிசையில் நின்ற ஐந்து நிமிஷத்துக்குள் சொலேன் நாலு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டாள். வலது தோளுக்கு மேல் ஒரு தடவை, இடது தோளுக்கு மேல் ஒரு தடவை, மறுபடியும் வலது, மறுபடியும் இடது. கல்லாவில் இருந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா, யாராச்சும் பின்னாடியே வர்றாங்களா? போலீசுக்குப் போன் போடட்டுமா?"

"இல்ல மதாம், ப்ராக்டீஸ்."

"ரொட்டி வாங்கறதுக்கா?"

வரிசையே சிரித்தது. சிரிக்கட்டும், சிரிக்கிறவர்களுக்கு என்ன தெரியும்? முப்பத்தொரு வயதில், லானெக் கால்பந்து கிளப்புக்காகப் பதினோரு வருஷம் முதல் டிவிஷனில் ஆடிய பிறகு, கழுத்தைத் திருப்பக் கற்றுக்கொள்ளும் நிலைமை வந்ததே என்று சொலேனுக்கு வயிறு எரிந்தது.

அடிபடும்வரை அவள் பத்தாம் நம்பர். பத்தாம் நம்பர் என்றால் ராணி மாதிரி. எதிரணி கோலைப் பார்த்து நிற்க வேண்டியது, பந்து வந்ததும் வித்தை காட்ட வேண்டியது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒருத்தி பின்னாலிருந்து வந்து இடித்தாள். முழங்காலுக்குள் தசைநார் அறுந்தது. பதினாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது கால் இருந்தது, வேகம் இல்லை. கோச் நதேழ் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

"உன் வேகத்துக்கு இனிமே பத்து ஆகாது. ஆறு ஆடு. ஆட முடியலன்னா ஜூன்ல காண்ட்ராக்ட் முடியுது, கை குலுக்கிட்டுப் பிரிஞ்சுக்கலாம்."

ஆறாம் நம்பர் நிற்பது நடுக்களத்தின் அடிவாரத்தில். கோல்கீப்பரிடமிருந்து பந்து வாங்க வேண்டும், அதாவது எதிரிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாங்க வேண்டும். பந்து வந்து சேர்வதற்குள் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டால் யார் வருகிறார்கள், எங்கே இடம் என்று தெரிந்துவிடும். சொல்ல எவ்வளவு சுலபம்! சொலேனுக்கோ பந்து தன்னை நோக்கி உருள ஆரம்பித்ததும் கழுத்து மரக்கட்டை ஆகிவிடும். பின்னால் பார்த்தால் அவள் வருவாள், அந்த இடித்தவள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அப்படியும் எட்டு ஆட்டம் ஓட்டிவிட்டாள் என்றால் அதற்குக் காரணம் பெரே. பெரே கோல்கீப்பர், இருவரும் ஒரே வருஷம் கிளப்பில் சேர்ந்தவர்கள். அவள் அம்மா துறைமுகத்தில் மீன் ஏலம் விட்டவள், தொண்டை அப்படியே மகளுக்கு வந்திருந்தது. சொலேனுக்குப் பின்னால் ஆள் வந்தால் "முதுகு!" என்று கத்துவாள். வராவிட்டால் "தனி!" என்பாள். சொலேன் அந்தக் குரலைக் கேட்டே ஆடினாள். காதால் ஆடுகிறாள் என்று ஒருவருக்கும் தெரியாது.

நதேழ் வீடியோவைச் சத்தமில்லாமல் பார்க்கிறவள். அதில் வந்தது வினை.

"போன ஆட்டத்துல எழுபத்திரண்டு தடவை உனக்குப் பந்து வந்திருக்கு. எத்தனை தடவை பின்னாடி பார்த்த, சொல்லு."

சொலேன் குனிந்து ஷூ லேஸை இறுக்கினாள்.

"நாலு. அந்த நாலும் பந்து வந்ததுக்கு அப்புறம். இங்க பாரு, பெரே வாயைத் திறக்கறா, அதுக்கப்புறம்தான் உன் கால் அசையுது. நீ அவ தொண்டைய வெச்சுப் பொழப்பு நடத்தற."

"எனக்கென்ன முதுகுலயா கண்ணு இருக்கு?"

"அதேதான் வேணும் எனக்கு. மூணு வாரம் தர்றேன். முதலிடத்துல இருக்கறவங்க இங்க வர்றாங்கல்ல, அந்த சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்த்துட்டு முடிவு பண்றேன். இல்லன்னா ஆறு இனாயாவுக்கு."

இனாயாவுக்கு இருபது வயது. கழுத்து காற்றாடி மாதிரி சுற்றும்.

சும்மா சொல்லக்கூடாது, சொலேன் விடாப்பிடிக்காரி. பல் தேய்க்கும்போது திரும்பினாள், பஸ் ஸ்டாப்பில் திரும்பினாள், மழையில் தனியாகச் சுவரில் பந்தை அடித்து, அது திரும்பி வருவதற்குள் திரும்பினாள். "அக்கா, சுளுக்கிக்கப் போகுது, பார்த்து!" என்று இனாயா கிண்டல் செய்தாள். "சுளுக்கினாலும் உன் கழுத்தைக் கடன் கேக்க மாட்டேன், போடி" என்றாள் சொலேன். பேக்கரியில் திரும்பிய கழுத்து ஆட்டத்தில் மட்டும் திரும்பவே இல்லை. இரண்டு சனிக்கிழமைகள் போயின, பெரேதான் கத்திக் காப்பாற்றினாள்.

மூன்றாவது வியாழக்கிழமை பெரேயின் தொண்டை கட்டிக்கொண்டது. சனிக்கிழமை உடை மாற்றும் அறைக்குக் கம்பளித் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்து, பலகையில் எழுதினாள்: 'குரல் போச்சு. எல்லாருக்கும் இன்னைக்கு நிம்மதி.' கீழே தடுப்பு ஆட்டக்காரிகளுக்கு ஒரு குறிப்பு: கை ஒரு தட்டு என்றால் வலது, இரண்டு என்றால் இடது. அறையே கைதட்டி ஆரவாரம் செய்தது. சொலேன் மட்டும் பலகையைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

மூன்றாவது நிமிஷம் பெரே பந்தை உருட்டிவிட்டாள். சொலேன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கடல்காற்று மட்டும் கேட்டது. பந்து காலைத் தொட்டதோ இல்லையோ, பின்னாலிருந்து எதிரணியின் எட்டாம் நம்பர் வந்து அதைப் பறித்துக்கொண்டு போய் ஒரே உதை. பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. ஐயோ, ஒரு சாண் உள்ளே தள்ளியிருந்தால்!

பக்கக் கோட்டில் நதேழ் கத்தவில்லை. இனாயாவைப் பார்த்துக் கையை அசைத்தாள். இனாயா எழுந்து ஓடி உடம்பைச் சூடேற்ற ஆரம்பித்தாள்.

அதைப் பார்த்ததும் சொலேனுக்குள் ஏதோ கொதித்தது. இந்த முழங்காலுக்காகப் பதினாலு மாதம் ஒற்றைக்காலில் படியேறியது ஒரு கழுத்திடம் தோற்கவா? வந்தால் வரட்டும், வந்து இன்னொரு தடவை இடிக்கட்டும், இந்தத் தடவை முகத்தைப் பார்த்துக்கொண்டாவது விழுகிறேன் என்று பல்லைக் கடித்தாள்.

அடுத்த பந்து. திரும்பினாள்.

பின்னால் யாருமே இல்லை. வெறும் புல்! இருபது கஜத்துக்கு மழையில் நனைந்த புல். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பந்தை வாங்கி, திரும்பி, நிதானமாக முன்னால் அனுப்பினாள். அடுத்ததற்கும் திரும்பினாள். அதற்கடுத்த தடவை ஒருத்தி வந்தாள். வருவது தெரிந்ததால் ஒரே தொடுதலில் பந்தைத் தட்டிவிட்டு ஒதுங்கினாள். வந்தவள் காற்றை இடித்துவிட்டுப் போனாள். இனாயா போய் உட்கார்ந்துகொண்டாள்.

எழுபதாவது நிமிஷம். பந்து வருகிறது, சொலேன் திரும்புகிறாள், இரண்டு பேர் வருகிறார்கள். இடது பக்கம் வந்தவள் அன்றைக்கு முழங்காலை இடித்தவள் மாதிரியே குனிந்து வந்தாள். சொலேன் கண்ணை எடுக்கவில்லை, இன்னொரு தடவை பார்த்தாள். பந்தைத் தொடவே இல்லை. கால்களுக்கு நடுவே ஓடவிட்டு, அதோடு தானும் திரும்பினாள். வந்த இருவரும் ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுந்தார்கள். எதிரே களம் முழுவதும் திறந்து கிடந்தது. வலது ஓரம் முப்பது கஜத்துக்கு ஒரு நீளப் பந்து. அங்கே இருந்தவள் ஓடிப்போய் கோல் அடித்தாள். எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டார்கள். ஒலிபெருக்கி அவள் பெயரை மூன்று தடவை சொன்னது. சொலேன் தன் இடத்துக்குத் திரும்பி நடந்தாள்.

ஆட்டம் அந்த ஒரு கோலில் முடிந்தது. நதேழ் காகிதத்தை மடித்தபடி வந்தாள்.

"அறுபத்தொண்ணு தடவை திரும்பிப் பார்த்திருக்க. நானே எண்ணினேன். திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போடு, ரெண்டு வருஷம்." போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

உடை மாற்றும் அறையில் குளியல் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கட்டடத்தையே உலுக்கியது.

"எவடி அவ, சுடுதண்ணிய அடைச்சது?"

மீன் ஏலக் குரல். சொலேன் தடுப்பை இழுத்தாள். பெரே தலையில் நுரையோடு நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"உன் தொண்டை?"

"வியாழக்கிழமை நெஜமாவே போச்சுடி. வெள்ளிக்கிழமை காலைல வந்துடுச்சு."

"அடிப்பாவி! கம்பத்துல பட்டுச்சே, அது உள்ள போயிருந்தா? என் காண்ட்ராக்ட் என்ன ஆகியிருக்கும்?"

"போகலல்ல."

"கோச்சுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என் தோலை உரிச்சிருப்பா. நீயும் வாயை மூடு."

"ஏண்டி இப்படிப் பண்ணின?"

பெரே முகத்து நுரையை வழித்தாள். "ஜூன்ல நான் நிறுத்திக்கறேன். தோள்பட்டை போதும்னு சொல்லிடுச்சு. புதுசா வர்றவ டென்மார்க்காரி, ரொம்ப அமைதியான பொண்ணாம். அடுத்த வருஷம் உனக்கு எவடி கத்துவா?"

சொலேன் கையிலிருந்த ஈரத்துண்டை அவள்மேல் வீசினாள்.

"முன்னாடியே எங்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா அழுவ. அழுதா கழுத்து எங்க திரும்பும்?"

அழத்தான் செய்தாள், குளியலறைத் தண்ணீர்ச் சத்தத்தில், யாருக்கும் தெரியாமல்.

வெளியே மழை விட்டிருந்தது. இருவரும் பைகளைத் தூக்கிக்கொண்டு கார்கள் நிற்குமிடத்துக்கு நடந்தார்கள். பெரே தோள் வலியில் பையைக் கை மாற்றிக் கை மாற்றிப் பின்தங்கினாள். முன்னால் போன சொலேன் வலது தோளுக்கு மேல் ஒரு தடவை பார்த்தாள், பிறகு இடது தோளுக்கு மேல்.

"என்னடி, திரும்பித் திரும்பிப் பார்க்கற?" என்று பெரே கத்தினாள்.

"ப்ராக்டீஸ்" என்றாள் சொலேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.